ஊதக்கூடாத துணி

எங்கள் கடைக்கு நெட் துணி கேட்டு வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "உள்ள இன்னா குடுக்கப் போறீங்க?" என்பதுதான். நெட் துணி தனியாக நிற்காது. கீழே என்ன லைனிங் கொடுக்கிறோமோ அதை வைத்துத்தான் மேலே இருப்பது இன்ன நிறம் என்று தெரியும். ரோஸ் நெட்டுக்கு அடியில் வெள்ளை கொடுத்தால் ஒரு ரோஸ், கறுப்பு கொடுத்தால் வேறொரு ரோஸ். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் துணி கிழிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். என் மகள் இதையே படிக்க ஊர் விட்டு ஊர் போய் இத்தனை வருஷம் இருந்தாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "அது வேறம்மா" என்பாள். வேறுதான். ஆனால் அவள் படிப்புக்குள் நான் நுழைந்த வழி அது ஒன்றுதான். அந்த வழியாகவே எழுதுகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுவேன். யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, அவர்கள் என் பேச்சைச் சரி பண்ணிவிடுவார்கள். வீட்டுக்காரர் போன பிறகு கடையை நான்தான் நடத்துகிறேன். வெள்ளிமலைச் சந்தைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு நான்தான் போகிறேன். விற்காமல் திரும்பக் கொண்டு வந்த மூட்டை கம்மி.

வீட்டில் இன்னொருவர் உண்டு. என் வீட்டுக்காரருடைய அக்கா. மகளுக்கு அத்தை முறை, எங்கள் வழக்கத்தில் குப்பி. மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவர் குப்பி ஆகிவிட்டார். நான் கடையில் இருந்த காலமெல்லாம் பிள்ளையை வளர்த்தது அவர். எங்கள் தெருவில் குப்பியின் மூச்சுக்கு ஒரு பேர் இருக்கிறது. பயந்த பிள்ளை, காய்ச்சல் வந்த பிள்ளை, பால் குடிக்காத பிள்ளை என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தி மஃரிப் தொழுதுவிட்டு குப்பி குர்ஆன் ஓதி, பிள்ளை மேல் ஊதுவார். தண்ணீர் பாட்டிலோடும் வருவார்கள், அதிலும் ஊதிக் கொடுப்பார். எங்கள் வீட்டுப் பக்கத்து இந்து வீட்டுப் பெண்களும் வருவார்கள். ஒருத்தரிடமும் ஒன்றும் வாங்க மாட்டார்.

அந்த முறை மகள் வந்தபோது தோள்பையை இறக்காமலே உள்ளே வந்தாள். பைக்குள் இருந்து சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை எடுத்தாள். பெட்டியைச் சுற்றி வெள்ளி நிறத்தில் தடித்த கவர், நாலு பக்கமும் ஒட்டியிருந்தது. அதைக் கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துவிட்டுத்தான் செருப்பையே கழற்றினாள்.

"இன்னா புள்ள, நகையா?" என்றார் குப்பி.

"நகையா இருந்தா இன்னொண்ணு வாங்கிக்கலாம் குப்பி. இது ரெண்டே ரெண்டு துண்டு. என் மூணு வருஷ வேலை."

துண்டு என்றால் நகத்தின் அளவுக்கு ஒரு கல். கல்லின் மேலே ஒரு தாள். பென்சில் முனையில் இருக்கிற கரி இருக்கிறதே, அது தாள் தாளாக அடுக்கியிருக்குமாம். அதில் ஒற்றைத் தாள் மட்டும் கல்லின் மேல் படர்ந்திருக்கிறது. அதற்கு மேலே இன்னொரு தாள். அதில் மாலிப்டினம், செலினியம் என்று இரண்டு சரக்கு. காற்றே இல்லாத ஒரு கலத்துக்குள் அவற்றைச் சூடாக்கினால் ஆவி கிளம்பி, கரித்தாளின் மேல் பனி விழுகிற மாதிரி விழுந்து, தானாக வளருமாம். வளருவது என்கிற வார்த்தையைத்தான் அவள் சொன்னாள். முக்கோணம் முக்கோணமாக வளர்ந்து ஒன்றோடு ஒன்று சேருமாம்.

"கண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கல்லு தெரியும். மத்தது தெரியாது."

"தெரியாதத எப்பிடி நம்பறது?"

"அதுக்குத்தாம்மா மெஷின்."

அந்த மெஷின் வடக்கே இருக்கிறது. அதற்குள் துண்டை வைத்து ஒளியை அடித்து, உள்ளே இருக்கிற எலக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று அளக்க வேண்டும். மெஷினுக்கு முறை கிடைப்பது சுலபமில்லை. எழுதிப் போட்டு, காத்திருந்து, இவளுக்கு இப்போது வந்திருக்கிறது. துண்டை வளர்த்த கலம் பழுதாகிக் கிடக்கிறது, வேறு துண்டும் வளர்க்க முடியாது. போகிற வழியில் இரண்டு நாள் எங்களைப் பார்க்க வந்தாள். இதில் அளவு கிடைத்தால் பட்டம். கிடைக்காவிட்டால் மறுபடி முதலில் இருந்து. இதைச் சொல்லும்போது அவள் அலமாரியைப் பார்த்தபடியே சொன்னாள்.

கேட்டுக்கொண்டே இருந்த குப்பி எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பிஸ்மி சொல்லி, குனிந்தார்.

"குப்பி, ஊதாதீங்க!"

மகள் ஓடிப் போய் இரண்டு கையாலும் பெட்டியை மறைத்துவிட்டாள். அந்தக் குரலில் அவள் குப்பியிடம் பேசி நான் கேட்டதில்லை. குப்பி நிமிர்ந்து முக்காட்டை இழுத்துவிட்டுக் கொண்டார்.

"ஊதுனா இன்னாவாம்?"

"மூச்சுல ஈரம் இருக்குது குப்பி. ஈரம் பட்டா மேல்தாள் அரிச்சிடும். எங்க எடத்துல இத வெச்சிக்கினு யாரும் பேசக்கூட மாட்டாங்க."

"உன் எடத்துல இருக்கறவங்க மூச்சுல ஈரம் இருக்குது. என் மூச்சுல துஆ இருக்குது."

"கவருக்குள்ளதான இருக்குது, மேல ஊதுனா இன்னா வரப்போவுது?" என்று நான் குறுக்கே புகுந்தேன். "பழக்கம்மா" என்றாள் மகள். "கை தானா வந்துடிச்சி." குப்பி உள்ளே போனார். பிரியாணிக்கு அரிசி களைகிற சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகவே கேட்டது.

மறுநாள் வெள்ளிமலைச் சந்தை. மலைக்காற்று வேண்டும் என்று மகளும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள். பெட்டி அலமாரியிலேயே இருந்தது. ஜீப் குலுக்கலில் அது வேண்டாம், வீடே நல்லது என்றாள்.

கச்சிராயபாளையம் தாண்டும்வரை இரண்டு பக்கமும் கரும்பு. அதற்கப்புறம் ஏற்றம். மூட்டையின் மேலே சாய்ந்துகொண்டு நான் கேட்டேன்: "அந்த மெஷின்ல இன்னாதான் அளக்கப் போற? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. புரியலன்னா உன் சொல்லுதான் சரியில்ல."

அவள் வெளியே கையைக் காட்டினாள். "கீழ ஒரு ரோடு இருக்குதில்ல, கச்சிராயபாளையத்துல. மேல ஒரு ரோடு, வெள்ளிமலையில. நடுவுல இந்த ஏத்தம். எலக்ட்ரான் கீழ் ரோட்டுல இருக்குது. மேல் ரோட்டுக்குப் போனாதான் ஓடி வேலை செய்யும். ஏற பலம் வேணும். பலம் எவ்ளோ வேணுங்கறது மலையோட ஒசரத்தப் பொறுத்தது. இரும்பு, செம்பு இதுக்கெல்லாம் மலையே இல்ல, சமவெளி, எப்பவும் ஓடும். கண்ணாடிக்கு மலை ரொம்ப ஒசரம், ஏறவே ஏறாது. என் தாளுக்கு நடுத்தரமா ஒரு மலை."

"சரி. அந்த ஒசரத்த அளக்கற."

"அது மட்டும் இல்ல. மேல்தாள் தனியா இருந்தா ஒரு ஒசரம். அதையே கரித்தாள் மேல போட்டா ஒசரம் கம்மி ஆவுதுன்னு நான் சொல்றேன். ஆவுதான்னு பாக்கணும்."

"ரெண்டையும் பசை போட்டு ஒட்டியிருக்கியா?"

"பசையும் இல்ல, தையலும் இல்ல. சும்மா மேல படுத்திருக்குது."

"ஒட்டாம இருக்கறது எப்பிடிப்பா மலையக் கொறைக்கும்?"

"பக்கத்துல இருக்கறதே போதும்மா."

ஜீப் ஒரு கொண்டை ஊசி வளைவில் திணறி ஏறியது. இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள், அந்தத் தாள் தனியாக இருந்தால் வெளிச்சம் பட்டதும் திருப்பி மினுங்குமாம். கரித்தாளின் மேல் கிடந்தால் மினுங்குவது அடங்கிவிடுமாம். கிடைத்ததை எல்லாம் கீழே இருக்கிற தாள் வாங்கிக்கொள்ளுமாம். எனக்கு அது பிடிக்கவில்லை. லைனிங் கொடுப்பது மேல்துணி எடுத்துக் காட்டத்தான். வாங்கி வைத்துக்கொள்கிற லைனிங்கை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கேள்விப்படாததெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியுமா? மகளை வெளியூருக்கு அனுப்பிய பிறகுதான் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது என்று உறவுக்காரி ஒருத்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஜீப்பில் அது ஞாபகம் வந்தது, ஆனால் மகளிடம் சொல்லவில்லை.

சந்தையில் கடை விரித்த பிறகு அவள் செல்போனில் அந்தத் தாளின் படம் ஒன்றைக் காட்டினாள். ஊசி முனையால் தடவித் தடவி எடுத்த படமாம். புள்ளி புள்ளியாக, வரிசை தப்பாமல், கோலப்புள்ளி மாதிரி. ஆனால் புள்ளிகளின் மேலே அலை அலையாக ஒரு மேடு பள்ளம் ஓடியது.

"துணி சுருங்கியிருக்குது" என்றேன். "அலை ஓடற பீஸ். இத எவ வாங்குவா?"

மகள் சிரித்துவிட்டு என் மூட்டையில் இருந்து நெட் துணியை எடுத்து இரண்டாக மடித்து வெயிலுக்குக் காட்டினாள். லேசாகத் திருப்பினாள். துணியில் இல்லாத அலை துணியில் ஓடியது. "இதுல சுருக்கம் எங்க இருக்குது, சொல்லுங்க?" என்றாள். துணி விற்ற காலமெல்லாம் அந்த அலையைப் பார்த்திருக்கிறேன். நெட்டை ரெட்டையாகப் போட்டால் கண்ணைக் கூசும் என்று வாங்குகிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். அது எதனால் வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. இரண்டு வலைக் கண்ணும் ஒரே அளவாக இல்லாவிட்டாலும், ஒன்று லேசாகத் திரும்பியிருந்தாலும் வருமாம். அந்த அலையை வைத்துத்தான் மேல்தாள் கீழ்தாளின் மேலே எவ்வளவு நேராகப் படுத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இன்னொன்றும் காட்டினாள். இரண்டு முக்கோணம் எதிரும் புதிருமாக வளர்ந்து முட்டிக்கொண்ட இடத்தில் ஒரு கோடு. "ஜாயிண்ட்" என்றேன். ஆமாம் என்றாள். "அந்த ஜாயிண்ட்ல மட்டும் மலையே கெடையாது. எலக்ட்ரான் கோட்டப் புடிச்சிக்கினு ஓடும்." துணியில் ஜாயிண்ட் வந்த இடத்தை நாங்கள் வெட்டி ஒதுக்கிவிடுவோம். அங்கேதான் கிழியும். இவளுக்கு அங்கேதான் ஓட்டம்.

பாவாடைத் துணி கேட்டு நின்ற மலைக்காரப் பெண் ஒருத்தி, "ஏம்மா, போன்ல பொடவை காட்டறீங்களா? எனக்கும் காட்டுங்க" என்றாள். மகள் அவளுக்கும் காட்டினாள். அவள் பார்த்துவிட்டு, "கலர் இல்லியே" என்று நகர்ந்துவிட்டாள். வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது குப்பி தொழுகைப் பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரில் குட்டை மேசை. அதன்மேல் வெள்ளை விரிப்பு. விரிப்பின் மேல் பெட்டி, மூடி தனியாக, பெட்டி தனியாக. வெள்ளி கவரை என் கடைக் கத்திரியால் ஓரம் பிசிறாமல் நேராக வெட்டி மடித்து வைத்திருந்தார்.

"வந்துட்டீங்களா" என்றார் குப்பி. முகமெல்லாம் சிரிப்பு. "மூடி மேல ஊதுனா உள்ள போவாது. தண்ணி பாட்டிலையே தொறந்துதான ஊதறோம்? கை கால் கழுவி ஒளு செஞ்சிட்டுதான் உக்காந்தேன். கையால தொடல. ஓதி, ஊதி, முடிச்சிட்டேன். இனிமே உன் துண்டுக்கு ஒரு கொறையும் வராது."

நான் மகளைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. மேசைக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு மூடியை எடுத்து மூடினாள். அப்புறம்தான் பேசினாள்.

"எவ்ளோ நேரம் தொறந்து இருந்திச்சி குப்பி?"

"யாசீன் சூரா ஓதற நேரம்."

"முழுசாவா?"

"பாதியில நிறுத்துவாங்களா?"

மகள் எழுந்து பின்கட்டுக்குப் போய் அவளுடைய சாருக்குப் போன் செய்தாள். கதவு திறந்தே இருந்தது. "ஈரக்காத்து பட்டிடுச்சி சார்" என்றாள். எவ்வளவு நேரம் என்று அங்கே கேட்டிருப்பார்கள் போல. "ஒரு யாசீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "கால் மணி இருக்கும் சார். இல்ல, ஜாஸ்தியாவும் இருக்கலாம்." கவரை யார் வெட்டியது என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. தவறுதலாகத் திறந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

குப்பிக்குக் காது நன்றாகக் கேட்கும். சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்த்து, "கெட்டுப் போச்சாமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மைதான், அப்போது மகளுக்கே தெரியாது. குப்பியின் மேலே எனக்குக் கோபம் வந்தது. அதே நேரம், அவர் அந்த விரிப்பைப் பெட்டிக்காக மடிப்புக் கலைத்து எடுத்திருக்கிறார் என்பதும் தெரிந்தது. அவருடைய கல்யாண விரிப்பு அது. விருந்தாளிக்குக்கூட எடுக்க மாட்டார்.

மகள் திரும்பி வந்து என்னிடம், "கடையில பார்சல்ல வருமே, ஈரம் உறிஞ்சற சின்ன பை, இருக்குதா?" என்றாள். பார்சலைப் பிரித்துத் தேடிப் பொறுக்கிக் கொண்டு வந்தேன். அதைச் சுற்றி வைத்து ஒட்டினாள். மேல்தாளுக்கு மேலே செலினியத்தில் ஒரு போர்வை போட்டுத்தான் எடுத்து வந்திருக்கிறாளாம், வழிக்குப் பாதுகாப்பாக. மெஷினில் சூடாக்கினால் போர்வை கழன்று போய்விடும். போர்வை எவ்வளவு தாங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. "ஓரத்துல போர்வை மெல்லிசு" என்றாள்.

காலையில் சின்னசேலத்துக்கு வண்டி பிடிக்கக் கிளம்பினாள். கிளம்பும்போது குப்பியின் முன்னால் தலையைக் குனிந்து நிற்பது அவள் பள்ளிக்கூடம் போன நாளில் இருந்து இருக்கிற வழக்கம். அன்றைக்கும் நின்றாள். குப்பி தலையில் கையை வைத்தார். உதடு அசைந்தது. ஊதவில்லை. மகள் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்று பார்த்தாள். "வண்டி வந்துடிச்சி, போ" என்று குப்பி கையை எடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வீடு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் குப்பி, "ஒடம்பு முடியல, பள்ளிவாசலுக்குப் போங்க" என்றார். ஒருத்தியிடம் இல்லை, வந்தவர்கள் எல்லோரிடமும். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஆறுதல் சொல்லவில்லை. மூச்சில் ஈரம் இருப்பது நிஜம். கண்ணாடியில் ஊதினால் எனக்கே தெரிகிறது. மகளுடைய மூன்று வருஷம் அந்த ஈரத்தில் போயிருந்தால், பரவாயில்லை என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? போகவில்லை என்றால் அதை மகள்தான் சொல்ல வேண்டும். கடையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். துணி அளக்கும்போதுகூட அது கண்ணுக்கு எதிரில் இருந்தது. வடக்கனந்தலில் இருந்து கல்யாண ஜவுளிக்கு வந்தவர்கள், "போன்ல இன்னா, சீரியலா?" என்று கேலி செய்தார்கள்.

போன் வந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். குப்பி எதிரில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சூடாக்கனோம்மா. போர்வை கழண்டு வந்திச்சி. ஒரு துண்டு போச்சி, ஒண்ணும் தெரியல. இன்னொண்ணுல ஓரமெல்லாம் அரிச்சிருக்குது. நடுவுல நல்லா இருக்குது. நடுவுல வெச்சே அளந்துட்டோம்."

"மலை?" என்றேன்.

மகள் சிரித்தாள். சிரிப்பில் அழுகையும் இருந்தது. "கம்மிதாம்மா. நான் சொன்ன மாதிரியே கம்மியா இருக்குது."

அல்ஹம்துலில்லாஹ் என்றேன். குப்பி கையைக் கழுவாமலே போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தார்.

"ஏ புள்ள, நான்தான். எந்தத் துண்டு போச்சி?"

"ஏன் குப்பி?"

"வலது பக்கம் இருந்தது மேலதான் நான் ஜாஸ்தி ஊதுனேன். இடது பக்கம் ஊதறதுக்குள்ள மூச்சு வாங்கிடிச்சி. வலதுதான பொழச்சிது?"

நான் போனையே பார்த்தேன். எது வலது, எது இடது என்று மகள் கல்லின் பின்னால் கீறி வைத்திருக்கிறாள். பெட்டியை ஒட்டும் முன்னால் எடுத்த படத்தைப் போனில் என்னிடம் காட்டியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

"குப்பி, இங்க கூப்படறாங்க. நான் அப்பறம் பேசறேன்" என்றாள். "துஆ செய்யுங்க. நிறுத்தாதீங்க."

"நிறுத்துனேன்னு யாரு சொன்னா?" என்றார் குப்பி. போன் வைத்தாகிவிட்டது.

அப்புறம் எத்தனையோ தடவை பேசினோம். பட்டம் வாங்கினாள், வாங்கிய உடுப்போடு படம் அனுப்பினாள். வலதா இடதா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு ஒரு யூகம் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன், இதைக் குப்பிக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் போன் வந்த அன்றைக்கு மாலை மஃரிபுக்கு அப்புறம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வாசலில் நின்றாள். கையில் தண்ணீர் பாட்டில். "ஒடம்பு தேவலையாங்க?" என்று கேட்டாள். குப்பி முக்காட்டைச் சரி செய்துகொண்டு பாயில் உட்கார்ந்தார். பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

"மூடியத் தொறந்து குடு புள்ள" என்றார். "மூடி மேல ஊதுனா உள்ள போவாது."